தலைகீழாக நடச் சொன்ன கொம்புகள்

எங்கள் பக்கத்தில் ஒருவரை ஒதியமரம் என்று சொன்னால் அது திட்டு. ஆள் வளர்ந்திருக்கிறான், வேலைக்கு ஆகமாட்டான் என்று அர்த்தம். நான் எட்டாம் வகுப்பிலேயே வாத்தியாரைவிட உயரம். அதனால் இந்தத் திட்டை நிறையவே வாங்கியிருக்கிறேன். முதலில் பள்ளிக்கூடத்தில், பிறகு வாழப்போன வீட்டில். திட்டியவர்கள் யாருக்கும் அந்த மரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பது என் கட்சி.

ஒதியன் காட்டு மரம். மலைச்சரிவில் தானாக முளைத்து நிற்கும். கட்டை மெத்தென்று இருக்கும். அதில் கதவு செய்ய முடியாது, வீட்டுக்கு விட்டம் போட முடியாது, அடுப்பில் வைத்தால் புகைதான் ஜாஸ்தி. இந்த மூன்றையும் வைத்து ஊர் அதற்குத் தீர்ப்பு எழுதிவிட்டது. ஆனால் அதே ஊரில் ஆடு வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் தழைக்கு அதைத்தான் தேடிப் போவார்கள். வாய்ப்புண் வந்தால் அதன் பட்டையைக் கொதிக்கவைத்துத்தான் கொப்பளிப்பார்கள். வேலி போட வேண்டுமென்றால் அதன் கொம்பைத்தான் வெட்டி நடுவார்கள். நட்ட கொம்பு மழையைக் கண்டதும் வேர்விட்டு மரமாகிவிடும். பிறகு அந்த வேலிக்காலை மாற்றவே வேண்டாம். புங்கன் என்றால் வயலுக்கு உரமாகச் சேற்றில் மிதிக்கத் தழை, பூவரசு என்றால் வண்டிக்குக் கட்டை, வேம்பு என்றால் சாமி என்று மற்ற மரங்களுக்கெல்லாம் ஒரு மரியாதை உண்டு. ஒதியனுக்கு வேலை மட்டும்தான் உண்டு, மரியாதை கிடையாது. இந்த ஏற்பாடு எங்கள் ஊர்ப் பெண்களுக்கு நன்றாகப் பழக்கமானது.

இவ்வளவு திட்டிவிட்டு, கல்யாணம் என்று வந்தால் மட்டும் ஒதியங்கொம்பு இல்லாமல் எங்கள் வீட்டில் தாலி கட்டமாட்டார்கள். கொம்பை வெட்டி வந்து மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, மணமேடைக்குப் பக்கத்தில் நட்டு, சுமங்கலிகள் பால் ஊற்றுவார்கள். இப்போது எல்லாம் மண்டபத்தில் டைல்ஸ் தரை. அதனால் பெயிண்ட் பக்கெட்டில் மணலைக் கொட்டி அதில் நடுகிறார்கள். கல்யாணம் முடிந்ததும் அந்தக் கொம்பு பெண்ணோடு போகாது. பெண் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்து, நிலத்து வரப்பில் நிரந்தரமாக நடப்படும். கொம்பு தழைத்தால் அவள் போன இடத்தில் தழைப்பாள் என்பது கணக்கு. ஆக எங்கள் வரப்பில் நிற்பது வேலி மட்டும் இல்லை. அந்த வீட்டிலிருந்து கட்டிக்கொடுத்த பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள்.

எங்கள் நிலம் அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையிலிருந்து நாலு வயல் உள்ளே தள்ளி. வேர்க்கடலை போடுகிற மேட்டு நிலம். வரப்பில் முதலில் பெரிய அத்தையின் மரம், கடைசியில் சின்ன அத்தையுடையது, இரண்டுக்கும் நடுவில் விட்டுப்போயிருந்த இடத்தில் என்னுடையது. எனக்குக் கல்யாணம் கீழ்பென்னாத்தூர் மண்டபத்தில் நடந்தது. அப்பா திரும்பி வரும்போது வேனில் அந்தப் பக்கெட்டைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாராம். கொம்பு சாய்ந்துவிடக் கூடாது என்று யார் கையிலும் கொடுக்கவில்லையாம். இதை அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் அப்போது மாப்பிள்ளை வீட்டு வேனில் இருந்தேன்.

என் கொம்பு நன்றாகப் பிடித்தது. என் கல்யாணம்தான் பிடிக்கவில்லை. அவர் குடிப்பாரா என்று எல்லாரும் முதலில் அதைத்தான் கேட்பார்கள். குடிக்கமாட்டார். நிதானமாக இருந்துதான் அடித்தார். குழந்தை இல்லை என்பதற்கு ஒருநாள், சோறு குழைந்ததற்கு ஒருநாள், எதிர்த்துப் பேசியதற்குப் பல நாள். ஆறு வருஷம் இருந்து பார்த்துவிட்டு, ஒருநாள் காலையில் ரேஷன் கார்டையும் சர்ட்டிபிகேட்டுகளையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி அப்பா வீட்டுக்கே வந்துவிட்டேன். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிரில் மனு டைப் அடித்துக் கொடுக்கிற கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். ஊரில் உள்ளவர்கள் குறையையெல்லாம் டைப் அடித்தேன். விவாகரத்துக்கு என் மனுவையும் நானேதான் அடித்தேன். பிழை ஒன்றுகூட இல்லை.

அப்பா அம்மா இருந்த வரைக்கும் என் இருப்பைப் பற்றி யாரும் பேசவில்லை. அவர்கள் போன பிறகு வீடு அண்ணன் வீடானது. அண்ணன் கெட்டவன் இல்லை. ஆனால் யார் கடைசியாகப் பேசினார்களோ அவர்கள் சொல்வதைக் கேட்கிறவன். கடைசியாகப் பேசுவது எப்போதும் பெரிய அத்தையாகவே இருக்கும். அத்தையைப் பக்கத்துத் தெருவிலேயே கட்டிக்கொடுத்தது அந்த வசதிக்குத்தான் போலிருக்கிறது.

போன வருஷம் மாசியில் அண்ணன் மகளுக்கு வரன் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அத்தை வந்து உட்கார்ந்தாள். தண்ணீர் குடித்த சொம்பைக் கீழே வைப்பதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"மாப்ள வூட்டுக்காரங்க வந்தா நெலத்த பாப்பாங்க. வரப்புல நிக்கறது யார் யார் கொம்புனு கேப்பாங்க. நீ இன்னானு சொல்லுவ?" என்று அண்ணனைக் கேட்டாள்.

"இருக்கறத சொல்லட்டும்," என்றேன் நான்.

"ஒன்ன கேக்கலடி. வாழாம வந்தவ கொம்பு நடு வரப்புல பெருத்துகினு நின்னா, அடுத்து போற பொண்ணுக்கு ஆவாது. வெட்டிடு."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சிரித்துக்கொண்டேதான் கேட்டேன். "கொம்பு தழைச்சா குடும்பம் தழைக்கும்னு நீதான அத்த சொல்லுவ? உன் மரம் பாதி பட்டுப்போச்சு. என்னுது வரப்பையே அடைச்சிகிட்டு நிக்குது. அப்ப உன் கணக்குப்படி நம்ம ரெண்டு பேர்ல யாரு நல்லா வாழறா?"

அத்தை முகம் சுண்டிப்போனது. மாமா நாலு வருஷமாகப் படுத்த படுக்கையாக இருந்தார். அந்த நேரத்தில் அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று எனக்கே தெரியும். தெரிந்தும் நான் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. மரத்தை வெட்டச் சொல்கிறவளுக்கு நான் எதற்கு இதம் பார்க்க வேண்டும்?

அண்ணன் மட்டும், "பாக்கலாம், பாக்கலாம்," என்றான். அவன் பாக்கலாம் என்றால் அத்தை பக்கம் சாய்ந்துவிட்டான் என்று அர்த்தம். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அடுத்து வந்த பவுர்ணமியன்று வெட்டினார்கள். பவுர்ணமியன்று எங்கள் ஊர்ப் பக்கம் பஸ்ஸைத் திருப்பி விட்டுவிடுவார்கள். வேலை முடிந்தால் கூட்டத்தோடு நடந்துதான் வர வேண்டும். நான் வந்து சேர நேரமாகும் என்று தெரிந்துதான் அந்த நாளைப் பார்த்திருக்கிறார்கள். நான் வெயில் தாழ வந்துவிட்டேன். கிரிவலம் வந்த ஜனம் வழக்கம்போல எங்கள் வயல் வரைக்கும் காரைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தது. அதற்கு முந்தின பவுர்ணமிக்குக்கூட ஒரு மெட்ராஸ் அம்மா என் மரத்தடியில் நின்றுகொண்டு, "இது என்ன மரங்க, இலையே இல்ல, எதுக்கு யூஸ் ஆவும்?" என்று கேட்டார். "நிக்கறதுக்கு," என்று சொன்னேன். இந்த முறை அதே இடத்தில் ஒரு வெள்ளைக் கார் நின்றது. நிறுத்த இடம் நிறைய இருந்தது. பக்கத்தில் என் மரத்தின் அடிக்கட்டை, முழங்கால் உயரத்துக்கு, வெட்டுவாயில் பிசின் கசிந்துகொண்டு இருந்தது.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. நேராக வீட்டுக்குப் போய் அண்ணனைக் கேட்டேன்.

"வெட்றதுன்னா என்ன ஒரு வார்த்த கேக்கக்கூடாதா?"

"கேட்டா நீ வேணாம்னு சொல்லுவ," என்றான்.

அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எனக்கும் ஒரு தட்டு வைத்து மூடியிருந்தது. நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள் சாப்பிட்டேன். பட்டினி கிடந்து அவர்களுக்கு நிம்மதி கொடுக்க நான் தயாராக இல்லை.

இதில் பெரிய வேடிக்கை, மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது வரப்புப் பக்கமே போகவில்லை. போர்வெல்லில் தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது என்று மட்டும் கேட்டார்கள். பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டு, டீ குடித்துவிட்டு, கோயிலுக்குப் போய்விட்டார்கள். ஆவணியில் கல்யாணம் என்று முடிவானது.

அண்ணன் எதையும் வீணாக்குகிறவன் இல்லை. மரத்தை நடு வரப்பில் நிற்க வைக்கக் கூடாதே தவிர, அதன் கிளைகளை வேலைக்கு வைத்துக்கொள்ளலாம் என்பது அவன் நியாயம். ஆட்டுக்கொட்டாயின் கால்கள் கறையான் பிடித்து ஆடிக்கொண்டிருந்தன. என் மரத்தின் தடித்த கிளைகளை ஒரே அளவாக அறுத்து ஒன்பது கால் தேற்றினான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடப்பாரையால் குழிகளைத் தோண்டிக்கொண்டே என்னைக் கூப்பிட்டான். வீட்டில் அந்தக் கனத்தைத் தூக்கக்கூடிய இன்னொரு ஆள் நான்தான்.

ஒதியன் பச்சைக்கொம்பைக் காலாக நடுவதில் ஒரு சங்கதி உண்டு. வேலிக்கு என்றால் அடிப்பக்கம் மண்ணில், நுனிப்பக்கம் மேலே. அப்போதுதான் துளிர்க்கும். துளிர்க்கக் கூடாது, வெறும் காலாக நின்றால் போதும் என்றால் தலைகீழாக நட வேண்டும். நுனி மண்ணுக்குள் போய்விட்டால் கொம்பு அப்படியே காய்ந்து கட்டையாக நிற்கும். கொட்டாய்க்கு எப்போதும் அப்படித்தான் நடுவோம். இல்லாவிட்டால் கால் தழைத்துக் கூரையை முட்டும், ஆடு தழையைத் தின்னுகிறேன் என்று பட்டையையும் சேர்த்து உரித்துவிடும்.

"தலைகீழா வெய்யி, துளுத்துக்கப் போவுது," என்றான் அண்ணன்.

"சரி," என்றேன்.

முதல் கொம்பைத் தூக்கும்போதே அவனுக்கு மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன் வந்தது. மண்டபம் விஷயமாக ஏதோ பேச்சு. பேசிக்கொண்டே வீட்டுப் பக்கம் போய்விட்டான். நான் கொம்பைத் திருப்பிப் பார்த்தேன். ஒரே பருமனாக அறுத்திருந்ததால் அடி எது நுனி எது என்று சட்டென்று தெரியாது. இலை உதிர்ந்த தழும்பைப் பார்க்க வேண்டும். மொட்டு எப்போதும் தழும்புக்கு மேல்பக்கம்தான் இருக்கும். விரலால் தடவிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஒன்பது கொம்பையும் தடவிப் பார்த்தேன். ஒன்பதையும் நேராக நட்டேன்.

வேண்டுமென்றேதான் செய்தேன். கை தவறி நடந்தது என்றோ, மரத்தின் மேல் பாசம் என்றோ சொல்லி அதை மழுப்பப் போவதில்லை. மண்ணைத் தள்ளி, தண்ணீர் ஊற்றி, காலால் மிதித்து, ஒவ்வொன்றையும் ஆட்டிப் பார்த்தேன். மனுவில் கையெழுத்துப் போடுகிறபோது சில பேர் பேனாவை அழுத்திப் பிடிப்பார்கள் இல்லையா, அப்படி அழுத்தி மிதித்தேன். அண்ணன் திரும்பி வந்து பார்த்துவிட்டு, "நல்லா நிக்குது," என்று சொல்லி மேலே தகரத்தைப் போட்டுக் கட்டினான்.

பங்குனி முழுக்க ஒன்றும் தெரியவில்லை. மொட்டைக் கட்டைகள்தான். தினமும் வேலைக்குக் கிளம்புமுன் ஆட்டுக்குத் தண்ணீர் வைக்கிற சாக்கில் போய்ப் பார்ப்பேன். சித்திரையில் மூன்று நாள் கோடைமழை பெய்தது. ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, மூலைக் காலின் உச்சியில், தகரத்துக்குக் கீழே, செம்பு நிறத்தில் ஒரு துளிர். அதன் பிறகு ஒவ்வொரு காலாக வந்தது. வைகாசி முடிவதற்குள் ஒன்பதும் துளிர்த்துவிட்டன. ஒன்றுகூட என்னை ஏமாற்றவில்லை. ஒன்பதாவது துளிர்த்த அன்றைக்குக் கடையில் நான் தானாகச் சிரித்துக்கொண்டு டைப் அடித்ததைப் பார்த்து, முதலாளி உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

அண்ணன் பார்த்தானா என்றால், பார்த்திருப்பான். தினமும் ஆட்டை அவிழ்க்கிறவன் பார்க்காமல் எப்படி இருப்பான்? ஒன்றும் சொல்லவில்லை. அவன் சுபாவம் அப்படி.

ஆனியில் பத்திரிகை அடிக்கிற விஷயமாக அத்தை வந்தாள். கொல்லைப் பக்கம் போனவள் அங்கேயே நின்றுவிட்டாள். கொட்டாயைச் சுற்றிப் பச்சை. தகரத்துக்கு இடுக்கில் எல்லாம் தழை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இன்னாடா இது?" என்று அண்ணனைக் கூப்பிட்டாள். "அவ மரத்த வெட்டச் சொன்னா, ஒண்ண ஒம்போதா ஆக்கி வெச்சிகீற?"

அண்ணன் என்னைப் பார்த்தான். "தலைகீழாத்தான வெக்கச் சொன்னேன்?"

"சொன்ன. நான் நேராதான் வெச்சேன்."

"ஏன்?"

"கேட்டா நீ வேணாம்னு சொல்லுவ," என்றேன்.

அவனுக்கு அது அவனுடைய வார்த்தை என்று தெரிந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டான். அத்தை விடவில்லை. எல்லாவற்றையும் உடனே பிடுங்கிப் போடச் சொன்னாள். அண்ணன் கடப்பாரையை எடுத்துக்கொண்டு மூலைக் காலுக்குப் போய் அசைத்துப் பார்த்தான். அசையவில்லை. வேர் இறங்கிவிட்டது. அடியில் நெம்பினான். மேலே தகரம் கிறீச்சென்றது, உள்ளே ஆடுகள் மிரண்டு கத்தின.

"பிடுங்கினா கொட்டாய் எறங்கிடும் அத்த. கல்யாணம் முடியட்டும், பாக்கலாம்," என்றான்.

இந்த முறை 'பாக்கலாம்' யார் பக்கம் என்று அத்தைக்கே புரியவில்லை. அண்ணன் மகளைக் கூப்பிட்டு நியாயம் கேட்டாள். அவள் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "எந்த மரம்னாலும் எனக்கு ஓகே ஆயா, சண்ட போடாதீங்க," என்றாள். எனக்கு அவள் மேலும் கோபம் வந்தது. எந்த மரமானாலும் சரி என்று சொல்வதற்கா இவ்வளவும்? ஆனால் அவளுக்கு இருபத்துமூன்று வயது. அவள் கவலை வேறு.

கல்யாணம் திருவண்ணாமலை டவுனில், பெரிய மண்டபத்தில் நடந்தது. அதற்கான கொம்பை, பட்டுப்போகாமல் நன்றாக நிற்கிற சின்ன அத்தை மரத்திலிருந்து வெட்டினார்கள். அது சரிதான், அதில் எனக்கு வருத்தமில்லை. பால் ஊற்ற வரச்சொல்லி மைக்கில் சுமங்கலிகளைக் கூப்பிட்டபோது அத்தை என் பக்கம் திரும்பி, "நீ பந்திய பாத்துக்கோ," என்றாள். அண்ணி தலையைத் திருப்பிக்கொண்டாள். நான் பந்தியைப் பார்த்துக்கொண்டேன். முந்நூறு பேருக்குப் பாயசம் போட்டேன். போட்டுக்கொண்டே எல்லாரையும் கண்ணுக்கு நேராகப் பார்த்தேன். யாராவது பாவம் என்கிற மாதிரி பார்த்தால் அவர்களுக்கு ஒரு கரண்டி குறைத்து ஊற்றினேன். இது சின்னத்தனம்தான். செய்தேன்.

மறுநாள் காலையில் அண்ணன் மகளின் கொம்பு பக்கெட்டோடு வீடு வந்து சேர்ந்தது. வெயில் ஏறுவதற்கு முன் நட்டுவிட வேண்டும் என்று, மறுவீட்டுக்கு வந்திருந்த பெண்ணும் மாப்பிள்ளையும் உட்பட எல்லாரும் வரப்புக்குப் போனோம். அத்தை சொம்பில் மஞ்சள் தண்ணீரோடு முன்னால் நடந்தாள். தன் மரத்தைத் தாண்டியதும், சின்ன அத்தை மரத்துக்கு முன்னால் நின்று கையைக் காட்டினாள்.

"நடுவுல காலியா கீது பார். அந்தக் கட்டைய நோண்டிப் போட்டுட்டு அங்கியே நடு. வரிசையா இருக்கும்."

அவள் காட்டியது என் அடிக்கட்டையை. அதிலும் சுற்றிலும் துளிர் வந்திருந்தது. வருகிற தழையை எல்லாம் ஆடுகள் அப்போதைக்கப்போது தின்றுவிட்டதால் விரல் நீளத்துக்கு மேல் வளரவில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் பட்ட கட்டை மாதிரிதான் தெரியும். அண்ணன் கடப்பாரையை ஓங்கினான்.

நான் போய் அந்தக் கட்டையின் மேல் ஏறி நின்றேன்.

"எறங்குடி," என்றாள் அத்தை. "காலி எடத்துல பொண்ணு கொம்ப நட்றதுக்கு உன்கிட்ட பர்மிஷன் கேக்கணுமா?"

கடையில் நாள் முழுக்க ஆபீஸ் பேச்சு பேசிப் பழகிய வாய் என்னுடையது. வாழப்போன வீட்டில், பேச்சு பட்டிக்காடு என்று சிரித்ததிலிருந்து திருத்திப் பேசக் கற்றுக்கொண்டேன். அன்றைக்கு அந்தத் திருத்தமெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"காலி இல்ல அத்த," என்றேன். "நான் கீறேன்."

யாரும் பேசவில்லை. பாதைப் பக்கமிருந்து ஒரு பஸ் ஹாரன் கேட்டது. அண்ணன் மகள் புதுத் தாலியைப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளையைப் பார்த்தாள். மாப்பிள்ளை எதுவும் புரியாமல் எங்கள் எல்லாரையும் மாறி மாறிப் பார்த்தார். அண்ணன் ஓங்கிய கடப்பாரையை மெதுவாக இறக்கினான். அத்தையைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. சின்ன அத்தை மரத்தையும் தாண்டி நாலு எட்டு வைத்துப் போய், வரப்பின் கோடியில் குழி தோண்ட ஆரம்பித்தான்.

நான் இறங்கவில்லை. கொம்பை நட்டு, மண்ணைத் தள்ளி, அத்தை மஞ்சள் தண்ணீரை ஊற்றி, எல்லாரும் வீட்டுக்குத் திரும்புகிற வரைக்கும் என் இடத்திலேயே நின்றேன்.